மாயப்போரின் கடைசி அத்தியாயம்: வாசகர் கேள்வி பதில்

சிறுவர்களுக்கான மாயக்கதைகளை எழுதி அனுப்புமாறு இவ்விதழ் அழைப்பு விடுத்த பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கின்றன. இளம்பெண் ஒருத்தியும் தீய மந்திரவாதி ஒருவனும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். அதற்குமேல் எழுதுபவரின் பேனா நகர மறுக்கிறது. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு காட்சிக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டிருப்பதால் அனைவருக்கும் சென்னையில் அவர்கள் வசிக்கும் பகுதியை மட்டுமே குறிப்பிட்டிருக்கிறேன்.

பெரம்பூர் வாசகி: என் நாவலின் நாயகி யாழினிக்குப் பதினாறு வயது. வண்ணாரப்பேட்டையில் பாட்டியோடு வசிக்கிறாள். இமயமலைக் குகையிலிருந்து வந்த மந்திரவாதி, மனிதர்களின் நிழலைப் பிடித்துக் குடத்தில் அடைத்து, அவர்களைத் தன் ஏவலுக்கு ஆட்படுத்துபவன். பாட்டியின் நிழலையும் அடைத்துவிடுகிறான். கடைசி அத்தியாயத்தில் நள்ளிரவில் மெரினா கடற்கரையில் இருவரும் மோதுகிறார்கள். தோற்கும் தறுவாயில் யாழினி பாட்டியை நினைக்கிறாள். அவள் நெஞ்சிலிருந்து பேரொளி புறப்பட்டு மந்திரவாதியைச் சாம்பலாக்குகிறது. படித்த தோழிகள் அனைவரும் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எங்கே குறை?

பதில்: அந்தப் பேரொளியில்தான் குறை. முப்பது அத்தியாயங்களாக அது எங்கே இருந்தது என்று வாசகர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஆனால் மனத்துக்குள் கேட்டுவிடுவார். நாயகிக்கு இப்படியொரு ஒளி இருந்திருக்குமானால் பாட்டி பிடிபட்ட அன்றே அது வெளிப்பட்டிருக்கலாமே என்ற எண்ணம் எழுந்த கணத்திலிருந்து, அதற்குப் பின் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் கடன் வாங்கிய பணத்தில் நடக்கும் கல்யாணமாகிவிடுகிறது.

இந்தக் கணக்கை நம் முன்னோர்களுள் ஒருவர் மிகத் துல்லியமாகப் போட்டிருக்கிறார். மணிமேகலைக் காப்பியத்தின் பத்தாவது காதையாகிய மந்திரம் கொடுத்த காதையில், மணிமேகலா தெய்வம் காப்பியத்தின் நாயகியான மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களை அளிக்கிறது: வேற்றுருவம் எடுப்பது ஒன்று, வானில் செல்வது ஒன்று, பசியைத் தாங்குவது ஒன்று. எதிரியை எரிக்கும் மந்திரமோ, கட்டிப்போடும் மந்திரமோ அவற்றுள் இல்லை. பல காதைகள் கழித்து, மகனைப் பறிகொடுத்த அரசி இராசமாதேவி பழிவாங்கும் எண்ணத்தோடு மணிமேகலையைத் தன் காவலில் வைத்துக்கொண்டு, பித்தேற்றும் மருந்து கொடுக்கிறாள், அது பலிக்கவில்லை. முரடன் ஒருவனை ஏவுகிறாள். மணிமேகலை ஆணுருவம் எடுத்து நிற்கிறாள். புழுக்கறையில் உணவின்றி அடைத்துவைக்கிறாள். பசி தீர்க்கும் மந்திரத்தால் அவள் வாடாமல் இருக்கிறாள். வானில் செல்லும் மந்திரம் கையில் இருந்தும் அவள் பறந்து தப்பிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். பத்தாம் காதையில் நம் கண்முன்னே கொடுக்கப்பட்ட பொருள்கள் இருபத்து மூன்றாம் காதையில் செலவாகின்றன. புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. கடைசியில் மனம் மாறுவது அரசிதான்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களிடம் இருக்கும் சரக்கின் மதிப்பு உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். மந்திரவாதியின் ஆற்றல் நிழலில் இருக்கிறது. அப்படியானால் அவனை நள்ளிரவு மெரினாவில் சந்திப்பதைவிடப் பெரிய முட்டாள்தனம் யாழினிக்கு வேறு இல்லை. கடற்கரைச் சாலையின் உயர்கோபுர விளக்குகளுக்கு நடுவே நிற்கும் ஒருவருக்கு ஒன்றுக்குப் பதில் நான்கைந்து நிழல்கள் திசைக்கு ஒன்றாக நீண்டு கிடக்கும். அவனுக்கு அது விருந்து. அந்தக் காட்சியைத் தூக்கி எறிய வேண்டாம். நாவலின் நடுப்பகுதிக்கு நகர்த்தி, அதில் அவளைத் தோற்கவிடுங்கள். அவன் நிழலை எப்படிப் பிடிக்கிறான், குடத்தை எந்தப் பக்கம் கவிழ்க்கிறான் என்பதையெல்லாம் அவளும் நாமும் அருகிலிருந்து பார்க்கும் ஒரே வாய்ப்பு அந்தத் தோல்விதான்.

இறுதிப்போரைப் பட்டப்பகலுக்குக் கொண்டுவாருங்கள், அதுவும் சென்னை போன்ற ஊர்களில் மட்டுமே வாய்க்கக்கூடிய ஒரு பகலுக்கு. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கும் சென்னைக்கு அது ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி அமைகிறது. அன்று பகல் பன்னிரண்டு மணி கடந்த சில நிமிடங்களில், செங்குத்தாக நிற்கும் கம்பத்தின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிப்போகும். நிழலில்லா நாள் என்று அறிவியல் ஆசிரியர்கள் மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்று காட்டுவது இதைத்தான். காசியும் டில்லியும் இமயமும் கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே எந்த நாளிலும் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதில்லை. இமயமலைக் குகையில் முந்நூறு ஆண்டு தவமிருந்த உங்கள் மந்திரவாதி நிழலில்லாத உச்சிவேளையை வாழ்நாளில் பார்த்ததே இல்லை! அவனை எதற்காக இமயத்திலிருந்து வரவழைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. வழக்கம் காரணமாக இருக்கலாம். இப்போது அந்த வழக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இந்த அறிவை யாழினிக்குத் தரவேண்டியவர் பாட்டி. ஏப்ரல் மாதம் வடகம் பிழியும் காலம். மொட்டைமாடியில் வடகத்துக்குக் காவல் இருக்கும் பாட்டிக்குக் கடிகாரம் தேவைப்படாது; துணிக்கொடி கட்டிய கம்பத்தின் நிழலைப் பார்த்தே நேரம் சொல்வார். சித்திரையில் ஒருநாள் கம்பம் தன் நிழலைத் தானே விழுங்கிவிடும் என்று அவர் மூன்றாம் அத்தியாயத்தில் போகிறபோக்கில் சொல்லட்டும். பிறகு ஒன்பதாம் அத்தியாயத்தில் பள்ளியிலிருந்து கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு அழைத்துப் போகும்போது அதே செய்தியைத் தேதியோடு யாழினி கேட்கட்டும். இரண்டையும் அவள் அப்போதே இணைக்கக் கூடாது. பாட்டி பிடிபட்ட பிறகு, காய்ந்த வடகத்தை எடுக்க ஆளில்லாமல் கிடக்கும் மாடியில் நின்று இணைக்கட்டும். உங்கள் மூலப்பிரதியில் இருந்த "பாட்டியை நினைக்கிறாள்" என்ற இரண்டு சொற்கள் இப்போது ஒரு முழு வேலையைச் செய்கின்றன.

மோதலுக்கான விதியும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. நேராக நிற்பவருக்குத்தான் நிழல் காலடிக்குள் ஒடுங்கும். குனிந்தாலும் கையை நீட்டினாலும் அந்த அளவுக்கு நிழல் தரையில் விழும். எனவே யாழினி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அவன் நெருப்பை எறிந்தாலும், பாட்டியின் குரலில் அழுதாலும், குனியாமல் நிற்பது. அவனோ மந்திரவாதி; கோலை நீட்டாமல் அவனால் எதையும் செய்ய இயலாது. நீட்டினால் கோலின் நிழலும் கையின் நிழலும் அவன் காலடியை விட்டு வெளியே வந்து விழும். அந்த நிழலின்மேல் பாட்டியின் வடகமாவுக் குண்டானைக் கவிழ்க்க அவளுக்கு இரண்டு மூன்று நிமிடங்களே இருக்கின்றன, அதற்குள் சூரியன் சாய்ந்துவிடும். அப்படிக் கவிழ்ப்பதற்கு அவள் குனிந்தாக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். குனியும் அந்தக் கணத்தில் அவள் நிழலும் வெளியே வரும். அதை எப்படி எழுதுவது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கணம்தான் உங்கள் நாவல்.

அம்பத்தூர் வாசகர்: இருவரும் மாறி மாறி விலங்குருவம் எடுத்துப் போரிடுவதாக எழுதியிருக்கிறேன். சலிப்புத் தட்டுகிறது என்கிறார் என் மகள். உருவமாற்றம் என்பதே பழைய உத்தியாகிவிட்டதா?

பதில்: பழையதுதான், ஆனால் சலிப்புக்கு அது காரணம் அன்று. ஆயிரத்தொரு இரவுகள் தொகுப்பில், குரங்காக மாற்றப்பட்ட இளைஞன் ஒருவனைப் பழைய உருவத்துக்கு மீட்பதற்காக ஓர் இளவரசி, அவனை அப்படி மாற்றிய பூதத்தோடு அரண்மனை முற்றத்தில் போரிடும் கதை இருக்கிறது. பூதம் சிங்கமாகப் பாய்கிறது. அவள் தன் கூந்தலில் ஓர் இழையைப் பிடுங்கி வாளாக்கி அதை இரண்டாக வெட்டுகிறாள். வெட்டுண்ட தலை தேளாகிறது, அவள் பாம்பாகிறாள். பறவைகளாகி வானில் துரத்திக்கொள்கிறார்கள், பூனையும் ஓநாயுமாகி மண்ணில் புரள்கிறார்கள். கடைசியில் பூதம் மாதுளம்பழமாகி, மேலே எழும்பி விழுந்து சிதறுகிறது. இளவரசி சேவலாகி மணிகளை ஒவ்வொன்றாகக் கொத்தி விழுங்குகிறாள். ஒரே ஒரு மணி மட்டும் அவள் கண்ணுக்குத் தப்பித் தடாகத்தின் ஓரமாக உருண்டு, அவள் அதை நோக்கி ஓடும்போதே நீரில் விழுந்து மீனாகிவிடுகிறது.

உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். மாதுளைமணி உருளும் இடத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். முதல் நான்கைந்து மாற்றங்களில் இருப்பது வெறும் வேகம்தான். கதைசொல்லி அவற்றை விரைந்து கடந்துவிடுகிறார். மாதுளையில் மட்டும் நிதானிக்கிறார். ஏனென்றால் அங்கேதான் போரின் தன்மை மாறுகிறது: வலிமையால் வெல்லும் போர், ஒன்றையும் தவறவிடாமல் பொறுக்கியெடுக்கும் வேலையாகிவிடுகிறது. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் புலிக்குப் பதில் யானை, யானைக்குப் பதில் யாளி என்று ஒவ்வொரு மாற்றமும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒரு முறையாவது சிறிதாக்குங்கள்.

அந்தக் கதையின் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். போர் கடைசியில் நெருப்பாகி முடிகிறது. பூதம் சாம்பலாகிறது, இளைஞன் மனித உருவம் பெறுகிறான், ஆனால் ஒரு கண்ணை இழக்கிறான், அரசரின் முகம் கருகிப்போகிறது, இளவரசியும் எரிந்து சாம்பலாகிறாள். பிள்ளைகளுக்கான கதையில் நாயகியைச் சாகடிக்கச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் நாயகி போர் முடிந்ததும் தலைவாரிப் பூச்சூடிப் பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறாள். அது நடவாத காரியம். ஏதேனும் ஒன்றை அவள் அந்த முற்றத்தில் விட்டுவிட்டு வரவேண்டும். நாய்மொழி, கிளிமொழி எல்லாம் அவளுக்குப் புரியும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது போய்விட்டால் எப்படி இருக்கும்?

மந்தைவெளி வாசகி: என் நாயகி சூழ்ச்சியால் வெல்கிறாள். "பெண் என்றாலே சூழ்ச்சிதானா, நேருக்கு நேர் நின்று ஜெயிக்க மாட்டாளா?" என்று வாசகர் வட்டத்தில் ஒருவர் கேட்டார். எனக்கும் உறுத்தலாகிவிட்டது.

பதில்: உறுத்தல் வேண்டாம். குண்டலகேசியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காப்பியத்தில் சில பாடல்களே நமக்குக் கிடைத்திருக்கின்றன என்றாலும் கதை நிலைத்துவிட்டது. காதலித்து மணந்த கணவன், தன்னைக் கொல்வதற்காகவே மலையுச்சிக்கு அழைத்து வந்திருக்கிறான் என்பதை அறிந்த அந்த இளம்பெண், சாகுமுன் மும்முறை உம்மை வலம்வர விரும்புகிறேன் என்கிறாள். அவன் சம்மதிக்கிறான். வலம்வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள்.

அவன் ஏன் சம்மதித்தான் என்பதில்தான் இந்தக் காட்சியின் உயிர் இருக்கிறது. கொலைக்குத் துணிந்துவிட்ட பின்னும், மனைவி தன்னை வணங்குவது இயல்பே என்ற எண்ணம் அவனை விட்டு அகலவில்லை. அவள் பொய்யான உலகம் எதையும் படைத்துக் காட்டவில்லை. அவன் ஏற்கனவே நம்பிக்கொண்டிருந்த ஒன்றை அவனிடமே கேட்டு வாங்கிக்கொண்டாள். சூழ்ச்சி எனக்குக் குறையாகப் படுவது எப்போது தெரியுமா? எதிரி அதுவரை புத்திசாலியாக இருந்துவிட்டு, நாயகியின் வசதிக்காகக் கடைசிப் பக்கத்தில் மட்டும் மூடனாகும்போது. உங்கள் கதையில் மந்திரவாதி தன் உயிர் இருக்கும் கிளியைப் பற்றி நாயகியிடம் தானாகவே உளறுகிறான். ஏழு கடல் தாண்டி ஒளித்துவைத்ததை எதற்கு உளற வேண்டும்? உறுத்த வேண்டியது அதுதான். வாசகர் வட்ட நண்பரிடம் நாயகியை விட்டுவிட்டு இதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: போர்க்காட்சியில் நாயகி உச்சரிக்கும் மந்திரத்தை எப்படி எழுதுவது? கோயிலில் ஓதும் மந்திரங்களைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். பக்தர்கள் மனம் புண்படும் என்பது ஒரு பக்கம். வாசகருக்கு ஏற்கனவே வேறோர் இடத்தில் பழக்கமான ஒலி காதில் விழுந்ததும் அவர் உங்கள் கதையைவிட்டு அந்த இடத்துக்குப் போய்விடுவார் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். 'ஹ்ராம் ஹ்ரீம்' என்று நீங்களாகக் கோத்திருக்கும் வரிகளும் அப்படியே. அவை பழைய திரைப்படத்து மந்திரவாதியின் தாடியைத்தான் நினைவுக்குக் கொண்டுவருகின்றன. "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப" என்கிறது தொல்காப்பியம். ஆணை என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'நில்', 'திற', 'திரும்பிப் போ' என்று சின்னஞ்சிறு தமிழ் ஏவல்களாகவே எழுதலாம். அல்லது மணிமேகலை ஆசிரியரைப் போல மந்திரம் என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்லி, அதன் சொற்களைச் சொல்லாமலே விட்டுவிடலாம். எழுத்தாளருக்கு அதில் உழைப்பும் மிச்சம்.

வடபழனி வாசகர்: மாயாஜாலப் படங்கள் எல்லாம் எங்கள் பகுதி ஸ்டூடியோக்களில் எடுத்தவை என்று என் தாத்தா பெருமையாகச் சொல்வார். அந்தப் படங்களிலிருந்து இன்றைய எழுத்தாளர் கற்க ஏதேனும் உண்டா?

பதில்: தாத்தாவின் பெருமை நியாயமானதே. 1951-இல் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த பாதாள பைரவி, வடபழனி வாஹினி ஸ்டூடியோவில் உருவானது. அதைத் தயாரித்த விஜயா நிறுவனத்தின் நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் அதற்கு நான்காண்டுகள் முன்பு அம்புலிமாமா என்ற சிறுவர் இதழைத் தொடங்கியவர்கள். ஆகவே தமிழ்ப் பிள்ளைகளின் கனவில் வந்த மந்திரவாதிகளில் பாதிப்பேருக்கு வடபழனி முகவரிதான். அந்தப் படத்தில் கற்க வேண்டியது, எஸ்.வி. ரங்காராவ் நடித்த நேபாள மந்திரவாதியின் ஆற்றல் அவன் உடம்பில் இல்லை என்பது. கேட்டதைத் தரும் ஒரு சிறு பதுமையில் அது இருக்கிறது. பதுமை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாலே யார் வலியவர் என்பது தியேட்டரின் கடைசி வரிசைச் சிறுவனுக்கும் விளங்கிவிடும். இன்று வரும் பல கதைகளில் இருவரும் மாறி மாறி ஒளியை உமிழ்கிறார்கள். யார் ஜெயிக்கிறார்கள் என்பதை எழுத்தாளர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

குரோம்பேட்டை வாசகி: தீய மந்திரவாதியைக் கருநிறத்தவனாக, கோரமானவனாக வர்ணித்தால்தானே பிள்ளைகளுக்குப் பயம் வரும்?

பதில்: உங்கள் கதையைப் படிக்கப்போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் கருநிறத்தவர் என்று வகுப்பறைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மாறுகண்ணும் கூனும்கூட அப்படியே. அவை யாரோ ஒரு பிள்ளையின் அப்பாவுக்கு இருக்கும். பயம் அவன் செய்கையிலிருந்து வரட்டும். குழந்தையின் நிழலை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் தாயிடம் பேருந்து நிலையத்துக்கு மரியாதையாக வழி கேட்பவன் எனக்குப் போதுமான அளவு பயத்தைத் தருகிறான்.

தாம்பரம் வாசகர் (ஒன்பதாம் வகுப்பு): நான் எழுதும் கதையில் சண்டை மட்டும் நாற்பது பக்கம் வந்திருக்கிறது. அதிகமா? மந்திரவாதி கடைசியில் சாக வேண்டுமா?

பதில்: தம்பி, நாற்பது பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் நாயகிக்கு அதுவரை தெரியாத எது தெரிந்திருக்கிறது அல்லது அதுவரை இருந்த எது இல்லாமல் போயிருக்கிறது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துப் பாருங்கள். எதுவும் குறிக்க முடியாத பக்கங்களை எடுத்துவிடுங்கள். எட்டுப் பத்துப் பக்கம் மிஞ்சினால் நல்ல சண்டை. அழகாக எழுதிய வரிகள் போகிறதே என்று வருத்தமாக இருந்தால் அவற்றை வேறொரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கதைக்கு உதவும்.

மந்திரவாதி சாவதைப் பற்றி நான் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் கதையில் அவன் நாயகியின் தம்பியைக் கல்லாக்கிவிட்டான் என்றும், கல்லாக்கியவனுக்கு மட்டுமே அதைத் திருப்பும் சொல் தெரியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவன் செத்துவிட்டால் தம்பியின் கதி என்ன? முதலில் அதற்கு ஒரு வழி செய்துவிட்டு, பிறகு அவனை என்ன செய்வது என்று யோசியுங்கள்.